மாட்டுச் சுழியும் போர்ஷே பேரிங்கும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்களுக்கென்று எழுதப்படும் வழிகாட்டிகள் ஒரு தனி இலக்கிய வகை. புத்தகமாக வந்தாலும், கார் பத்திரிகையின் பின்பக்கக் கட்டுரையாக வந்தாலும், வீடியோவாக வந்தாலும் அமைப்பு ஒன்றுதான். முதலில் கார் பிறந்த கதை. அடுத்து இன்ஜின் வகைகள். அடுத்து 'தெரிந்த பிரச்சினைகள்' என்று ஒரு பட்டியல், அதில் ஏதாவது ஒன்று மட்டும் பூதம் மாதிரி பெரிதாக இருக்கும். கடைசியில், 'உங்களால் முடிந்த விலைக்குள் இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்து வாங்குங்கள்' என்று ஓர் ஆசீர்வாதம்.

கடந்த மூன்று மாதத்தில் இப்படி இருபதுக்கும் மேல் படித்துவிட்டேன். என் அக்கா மகன் இங்கிலாந்தில் ரெடிங் பக்கம் வேலை பார்க்கிறான். மூன்று வருடம் சேர்த்துவைத்த 6000 பவுண்டில் வாழ்க்கையின் முதல் ஸ்போர்ட்ஸ் காரை வாங்க வேண்டும் என்று நிற்கிறான். பட்டியலில் இரண்டே இரண்டு: மாஸ்டா எம்எக்ஸ்-5, போர்ஷே பாக்ஸ்டர். "மாமா, நீங்கதான் எதையும் தோண்டித் துருவிப் படிப்பீங்களே, இதையும் படிச்சுச் சொல்லுங்க" என்றான். படித்தேன். கார்களைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன். ஆனால் இந்த வழிகாட்டிகள் முதல்முறை வாங்குபவனுக்குத் தவறான இடத்தில் வெளிச்சம் அடிக்கின்றன என்பதுதான் என் முடிவு. அதை விளக்கத்தான் இந்தக் குறிப்பு.

நம் ஊரில் மாடு வாங்குவதில் இரண்டு வகைப் பார்வை உண்டு. ஒன்று சுழி பார்ப்பது. நெற்றியில் எங்கே சுழி, முதுகில் எங்கே சுழி, எந்தச் சுழி குடும்பத்துக்கு ஆகாது என்று ஒரு பெரிய சாஸ்திரமே இருக்கிறது. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்குப் போனால் குதிரைக்கும் இதே கதைதான். இன்னொன்று பல்லைப் பிடித்துப் பார்ப்பது. இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று பார்த்து வயதைச் சொல்வார்கள். சுழிக்கு ஆகாத பெயர் வந்துவிட்டால் மாடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் விலை இறங்கிவிடும். பல் அப்படியில்லை. அது இந்த மாட்டைப் பற்றி, இன்றைக்கு, ஒரு செய்தி சொல்கிறது.

பாக்ஸ்டரின் சுழிக்குப் பெயர் ஐஎம்எஸ் பேரிங். சுழி என்று சொன்னதால் மூடநம்பிக்கை என்று நினைத்துவிட வேண்டாம், கோளாறு உண்மையானது. 986 என்ற உள்பெயர் கொண்ட முதல் தலைமுறை பாக்ஸ்டர் 1996இல் விற்பனைக்கு வந்தது. அதன் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியைக் கேம் ஷாஃப்டுகளுக்குக் கொண்டுசெல்ல நடுவில் ஒரு தண்டு இருக்கிறது. அந்தத் தண்டின் ஒரு முனையைத் தாங்குவது சீல் செய்யப்பட்ட சாதாரண பால் பேரிங். அது உடைந்தால் தண்டு ஆடும், செயின் நழுவும், வால்வும் பிஸ்டனும் மோதும், இன்ஜின் காலி. ஆரம்ப கார்களில் இரட்டை வரிசை பேரிங், 2000 வாக்கில் ஒற்றை வரிசைக்கு மாறினார்கள், ஒற்றை வரிசைதான் அதிகம் போனது. அமெரிக்காவில் இதற்காக உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டு 2013இல் சமரசம் ஆனது. அந்த வழக்கை ஒட்டிப் பரவலாக மேற்கோள் காட்டப்படும் எண்கள்: ஒற்றை வரிசையில் சுமார் 8 சதவீதம், இரட்டை வரிசையில் சுமார் 1 சதவீதம்.

இப்போது இந்த எண்ணை வழிகாட்டிகள் எப்படிக் கையாளுகின்றன என்று பாருங்கள். பாதி அதைச் சொல்வதே இல்லை, 'டைம் பாம்' என்ற மாதிரி வார்த்தைகளோடு நிறுத்திக்கொள்கின்றன. சொல்பவையும் 8 சதவீதம் என்றால் எந்தக் காலகட்டத்துக்குள், எந்த மைலுக்குள் என்று கேட்பதில்லை. 2002இல் செய்த காரில் பேரிங் போக வேண்டும் என்றிருந்தால் பெரும்பாலும் இதற்குள் போயிருக்கும். இன்று விற்பனைக்கு நிற்பது தப்பிப் பிழைத்த கூட்டம். பிழைத்தவர்களுக்கான ஆபத்தும் மொத்தக் கூட்டத்துக்கான ஆபத்தும் ஒன்றல்ல. அதோடு இந்தக் கார்களைத் தினமும் பிரித்து மாட்டுகிற மெக்கானிக்குகள் பலர் சொல்வது, அதிகம் ஓடிய காரைவிட ஓடாமல் நின்ற காரில்தான் இந்தப் பேரிங்குக்குப் பயப்பட வேண்டும் என்பது. ஆனால் அதே வழிகாட்டி இரண்டு பக்கம் தள்ளி, 'குறைந்த மைல் ஓடியதாகப் பாருங்கள்' என்று கூச்சமே இல்லாமல் எழுதுகிறது.

என் முக்கியமான ஆட்சேபம் இதைவிட அடிப்படையானது. ஐஎம்எஸ் பற்றி யாருக்குத் தெரியாது? வாங்குபவனுக்குத் தெரியும், விற்பவனுக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்காரனுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த குறை விலைக்குள் ஏற்கனவே உட்கார்ந்துவிட்டது. போர்ஷே முத்திரை போட்ட, நடுவில் ஆறு சிலிண்டர் இன்ஜின் வைத்த ஒரு கார் 6000 பவுண்டுக்கு இறங்கி வந்ததற்கு இந்தப் பேரிங்கின் கெட்ட பெயரும் ஒரு காரணம். அதாவது அந்தப் பயத்துக்கான தள்ளுபடி உங்களுக்கு முன்பே கிடைத்துவிட்டது.

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு புகழ்பெற்ற கட்டுரை உண்டு. ஜார்ஜ் அகர்லோஃப் 1970இல் எழுதிய, பழைய கார் சந்தையை உதாரணமாக எடுத்துக்கொண்ட கட்டுரை. மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகுதான் அச்சானது. 2001இல் அவருக்கு நோபல் கிடைத்ததற்கு அதுதான் அடிப்படை. (இந்தியக் கிராமத்து வட்டிக்காரர்களைப் பற்றியும் அதில் ஒரு பகுதி வரும். கார் உதாரணத்தின் புகழில் அது அமுங்கிப்போய்விட்டது.) அவர் சொல்வது: விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாதபோதுதான் சந்தை கெடுகிறது. அப்படியானால் ஒரு நல்ல வழிகாட்டியின் வேலை அந்த இடைவெளியைக் குறைப்பது. மாடலின் பொதுவான குறையில் இடைவெளியே இல்லை. இந்த ஒரு காரை இந்த மனிதர் எப்படி வைத்திருந்தார் என்பதில்தான் இடைவெளி இருக்கிறது. வழிகாட்டிகளோ இருபது பக்கத்தை முதலாவதற்கும் அரைப் பக்கத்தை இரண்டாவதற்கும் கொடுக்கின்றன.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கு. வழிகாட்டியை விற்பவரும் படிக்கிறார். சந்தைக்குக் கொண்டுபோகும் மாட்டுக்குக் கொம்பு சீவி எண்ணெய் தடவுவது மாதிரி, வழிகாட்டியில் உள்ளதை மட்டும் சரிசெய்து விளம்பரம் போடுகிறார். 'ஐஎம்எஸ் மாற்றியது' என்ற இரண்டு வார்த்தைக்கு விலையில் ஆயிரம் பவுண்ட் ஏற்றம். எந்தப் பேரிங், எந்த மைலில், எந்த ஒர்க்‌ஷாப், பில் எங்கே என்று கேட்டால் பலரிடம் பதில் இல்லை. கியர்பாக்ஸையும் கிளட்ச்சையும் இறக்கினால்தான் அந்தப் பேரிங்கைத் தொடவே முடியும். ஆகவே அந்த பில்லில் கிளட்ச் பற்றியும் ஒரு வரி இருக்கும், அல்லது ஏன் இல்லை என்பதற்கு ஒரு காரணமாவது இருக்கும். இந்தச் சின்னத் தர்க்கத்தை நான் படித்த வழிகாட்டிகளில் இரண்டே இரண்டில்தான் பார்த்தேன்.

எம்எக்ஸ்-5க்கு வருவோம். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான கார். ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, முன்னால் இன்ஜின், பின்சக்கர இழுவை, துணிக் கூரை. பத்து லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள் என்பதால் உதிரிபாகம் எளிதில் கிடைக்கும், மெக்கானிக்குகளுக்கும் பழக்கம். முதல் தலைமுறையை என்ஏ என்றும், 1998 முதல் 2005 வரையிலான இரண்டாவதை என்பி என்றும் அழைப்பார்கள். இதற்கு ஐஎம்எஸ் மாதிரி ஒரு நட்சத்திர வில்லன் இல்லை. ஆரம்ப 1.6 இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் முனை பற்றி ஒரு பிரச்சினை உண்டு, வழிகாட்டிகள் அதை எடுத்து ஊதப் பார்க்கின்றன. ஆனால் இங்கிலாந்தில் இந்தக் காரைக் கொல்வது இன்ஜின் இல்லை, துரு. குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுகிற நாடு அது.

துரு எங்கிருந்து வருகிறது என்பதுதான் சுவாரசியம். துணிக் கூரையில் விழும் மழைத் தண்ணீர் பின்பக்கமாக வடிந்து, சீட்டுகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள குழாய் வழியாகக் கீழே போக வேண்டும். இலையும் தூசியும் சேர்ந்து அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வழிந்து, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பாகத்துக்குள் இறங்குகிறது. சில் என்பார்கள் அதை. காரின் பலமே அதில்தான் இருக்கிறது. உள்ளே தேங்கிய தண்ணீர் வருடக்கணக்கில் அரித்து, பின்சக்கர வளைவுக்குச் சற்று முன்னால் முதலில் ஒரு கொப்புளமாக வெளியே தெரியும். கொப்புளம் தெரியும்போது உள்ளே கதை முடிந்திருக்கும். வெளியே பட்டி போட்டுப் பெயிண்ட் அடித்தால் ஆறு மாதம் அழகாக நிற்கும், அதற்குள் விற்றுவிடலாம்.

இதே கதை பாக்ஸ்டரிலும் நடக்கிறது என்பதைக் கண்டுபிடித்தபோது எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது. அதிலும் கூரை மடங்கும் இடத்தில் தண்ணீர் வடிய துளைகள் உண்டு. அடைத்தால் தண்ணீர் உள்ளே வந்து தரை விரிப்பில் தேங்கும். சீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது? காரின் திருட்டுத் தடுப்புக் கட்டுப்பாட்டுப் பெட்டி. அது நனைந்தால் கார் ஸ்டார்ட் ஆகாது, ரிமோட் வேலை செய்யாது, பெட்டியை மாற்றிச் சாவியோடு பொருத்துவதற்குள் ஒரு நல்ல தொகை போய்விடும். ஆக ஜப்பான் காரானாலும் ஜெர்மன் காரானாலும் பொது எதிரி ஒன்றுதான்: அரை விரல் அகலத் துளை. ஒரு வளையும் பிளாஸ்டிக் கம்பியை உள்ளே விட்டுக் குத்தினால் ஐந்து நிமிட வேலை, காசே ஆகாது.

வழிகாட்டிகளில் இது அரை வரி. எனக்கோ மொத்த விஷயமும் இதில்தான் இருப்பதாகப் படுகிறது. காரணம், வடிகால் துளை காரைப் பற்றி மட்டும் சொல்வதில்லை, வைத்திருந்தவரைப் பற்றியும் சொல்கிறது. அக்கா மகனுக்கு நான் கொடுத்த முதல் கேள்வி இதுதான். காரைப் பார்க்கப் போனதும் விற்பவரிடம் சாதாரணமாகக் கேள்: "இதுல கூரைத் தண்ணி வடியிற துளை எங்கே இருக்கு?" பத்து வருடம் வைத்திருந்தவர் உடனே கூரையைப் பாதி திறந்து, விரல் வைத்துக் காட்டினால், அந்தக் கார் வேறு ஜாதி. "அப்படி ஒண்ணு இருக்கா?" என்று கேட்டால் டீ குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிடலாம். ஐஎம்எஸ் பற்றிக் கேட்டால் எல்லோரும் தயாராக வைத்திருக்கும் பதிலைத்தான் சொல்வார்கள். இதற்குத் தயாரான பதில் கிடையாது.

இனிப் பல் பார்க்கும் விஷயம். இந்த ஒரு வசதிக்காகவே இங்கிலாந்தில் பழைய கார் வாங்குபவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அங்கே மூன்று வருடம் தாண்டிய கார் ஒவ்வொரு வருடமும் எம்ஓடி என்ற சோதனையில் தேற வேண்டும். 2005இல் தொடங்கிக் கணினியில் பதிவாகியிருக்கும் அந்த முடிவுகளை, நம்பர் பிளேட் எண்ணை மட்டும் கொடுத்து யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். தேறியதா, எதற்காகத் தேறவில்லை, அன்று எத்தனை மைல், 'இப்போதைக்குப் பரவாயில்லை, கவனியுங்கள்' என்று சோதித்தவர் எழுதிய குறிப்புகள், எல்லாம் இருக்கும். ஒரு காரின் இருபது வருட மருத்துவக் குறிப்பு அரசாங்கச் செலவில் கிடைக்கிறது. வழிகாட்டிகள் இதை என்ன செய்கின்றன? 'எம்ஓடி வரலாற்றையும் பாருங்கள்' என்று ஒரு வரி. எப்படிப் படிப்பது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை.

நான் அக்கா மகன் அனுப்பிய ஏழு கார்களின் வரலாற்றை ஒரு ஷீட்டில் போட்டு வரிசையாகப் படித்தேன். தொழில்புத்தி, லாக் ஃபைல் பார்த்தால் விடாது. இரண்டை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று சிவப்பு நிற என்ஏ 1.6. ஐம்பத்து நாலாயிரம் மைல், படத்தில் கண்ணைப் பறிக்கிறது. வரலாற்றில் 2016இல் வலது பின்பக்க சில்லில் துரு என்று குறிப்பு. 2017இல் அதே குறிப்பு. 2018இல் இரண்டு பக்கமும் தேறவில்லை, இரண்டே நாளில் மறுபடி கொண்டுவந்து தேறிவிட்டது. அதற்கடுத்த வருடத்திலிருந்து, அடிப்பகுதி முழுக்க அண்டர்சீல் பூசப்பட்டிருக்கிறது என்ற குறிப்பு மட்டும். இரண்டு நாளில் இரண்டு சில்லையும் வெட்டி எடுத்து முறையாக வெல்ட் செய்வது கஷ்டம். மேலே தகடு ஒட்டிக் கறுப்புப் பூசியிருந்தால் நேரம் சரியாக வரும். பிறகு ஐந்து வருடத்தில் மொத்தமே 900 மைல் ஓடியிருக்கிறது. நின்ற கார் பாதுகாத்த கார் இல்லை. பிரேக் காலிப்பர் இறுகும், ரப்பர் காயும், பெட்ரோல் கெடும்.

மற்றொன்று வெள்ளி நிற என்பி 1.8. தொண்ணூற்றெட்டாயிரம் மைல், படம் மங்கல், வீட்டு வாசலில் குப்பைத் தொட்டி பக்கத்தில் எடுத்தது. வரலாறு முழுக்கச் சலிப்பூட்டும் சங்கதிகள். பல்பு போச்சு, டயர் தேய்ந்தது, பிரேக் பைப்பில் துரு. ஆனால் ஒரு வருடம் வந்த குறிப்பு அடுத்த வருடம் வரவில்லை. ஒவ்வொரு வருடமும் ஐந்தாயிரம் மைலுக்குக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ. கேட்டு வாங்கிய பில்களில் அந்தந்தக் குறிப்புக்கான வேலை அந்தந்த மாதத்தில் இருக்கிறது. எந்த வழிகாட்டியின் கணக்குப்படியும் சிவப்புக் கார்தான் முதல். மைல் குறைவு, மாடல் அசல், பளபளப்பு வேறு. நம் ஊரில் 'டாக்டர் ஓட்டிய வண்டி' என்று போட்டால் கூடுதல் விலை போவதும் இதே ரகம்தான்.

எம்ஓடி எல்லாம் சொல்லிவிடும் என்று நான் சொல்லவில்லை. சோதிப்பவர் எதையும் கழற்றிப் பார்க்க மாட்டார். என்பி காரின் முன்பக்க சேஸிஸ் ரயில்கள் பல அடுக்குத் தகடால் ஆனவை, உள்ளிருந்து துரு பிடிக்கும், பிளாஸ்டிக் மறைப்பு வேறு இருக்கும். அதற்கு ராம்பில் ஏற்றி, மறைப்பைக் கழற்றி, தட்டிப் பார்க்க ஒரு மெக்கானிக் வேண்டும். வெளியிலிருந்து ஒருவரை அழைத்துச் சோதிக்கச் சில நூறு பவுண்ட் ஆகலாம். ஆனால் ஏழு காரில் எந்த ஒன்றுக்கு அந்தப் பணத்தைச் செலவழிப்பது என்று முடிவு செய்ய இந்த இலவச வரலாறு போதும்.

புத்தகங்களில் வெலோஸ் பதிப்பகத்தின் 'எசென்ஷியல் பையர்ஸ் கைட்' வரிசையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கையடக்கமான சின்னப் புத்தகங்கள், இந்த வகையில் இதுவே ஒழுங்கானது. முதலில் 15 நிமிடத்தில் காரை நிராகரிப்பதற்கான ஒரு பகுதி, பிறகு ஒரு மணி நேரத்துக்கான விரிவான சோதனை என்று பிரித்திருப்பது நல்ல யோசனை. எனக்குப் பிரச்சினை அந்த விரிவான சோதனையின் மதிப்பெண் முறையில். ஒவ்வொரு பாகத்துக்கும் 4, 3, 2, 1 என்று போட்டு, கடைசியில் கூட்டச் சொல்கிறார்கள். கூட்டுத்தொகை காரின் தரம்.

முப்பது அம்சங்கள் என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 120. சில் மட்டும் அழுகி 1 வாங்கி, மற்ற 29இலும் 4 வாங்கிய கார் 117 எடுக்கும். எல்லாவற்றிலும் சுமாராக 3 வாங்கிய கார் 90. நான் கண்ணை மூடிக்கொண்டு 90ஐ எடுப்பேன். இது கூட்ட வேண்டிய கணக்கே இல்லை. சில அம்சங்கள் கதவு மாதிரி, அங்கே தேறாவிட்டால் உள்ளே விடக் கூடாது. சீட் துணி கிழியாததற்குக் கிடைத்த 4, சேஸிஸில் போன 3ஐ ஈடுகட்டவே முடியாது. முதல் 15 நிமிடத்தில் அதைப் பிடித்துவிடுவோம் என்று பதிப்பாளர்கள் சொல்லலாம். முதல்முறை வாங்குபவன் கூரையைத் திறந்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்த பிறகு, அந்த 15 நிமிடப் பகுதி அவன் நினைவில் இருக்காது. கையில் 117 என்ற எண்தான் இருக்கும், காதலுக்குச் சாட்சியாக.

'முடிந்த விலைக்குள் நல்லதாக வாங்கு' என்ற ஆசீர்வாதத்துக்கும் ஒரு வார்த்தை. 6000 வைத்திருப்பவன் இதைப் படித்தால் 6000க்கும் காரைப் பார்ப்பான். இருபது வயதுக் காருக்கு வாங்கிய முதல் வருடம் டயர், பேட்டரி, பிரேக், எல்லா எண்ணெய், எம்எக்ஸ்-5 என்றால் டைமிங் பெல்ட், பாக்ஸ்டர் என்றால் ரேடியேட்டரோ கூலன்ட் டாங்கோ என்று செலவு வந்தே தீரும். இன்சூரன்ஸ் தனி. லண்டனுக்குள் ஓட்டுவதானால் யூலெஸ் கட்டணம் உண்டா என்று பார்க்க வேண்டும். தேறாத காருக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்ட், 2023 ஆகஸ்டிலிருந்து லண்டன் முழுக்க. நான் சொன்னது: 4000க்கு மேல் காருக்குக் கொடுக்காதே, மீதியைத் தொடாதே.

இந்த இடத்தில்தான் பாக்ஸ்டர் அடிபட்டது, அதுவும் வழிகாட்டிகள் சொல்லும் காரணத்துக்காக இல்லை. கணக்குப் போட்டால் 8 சதவீத ஆபத்து, 6000 பவுண்ட் இழப்பு என்றால் சராசரி இழப்பு 480 பவுண்ட். காரின் மலிவு அதை ஈடுகட்டிவிடும். பத்து பாக்ஸ்டர் வாங்கி விற்கும் வியாபாரிக்கு இது நல்ல கணக்கு. ஒரே ஒரு கார் வாங்குபவனுக்குச் சராசரி என்று ஒன்று இல்லை. இன்ஜின் போனால் மூன்று வருடச் சேமிப்பு போச்சு, அடுத்த காருக்கு இன்னும் மூன்று வருடம். ஆபத்தின் அளவு காரில் மட்டும் இல்லை, வாங்குபவனின் பையிலும் இருக்கிறது. எந்த வழிகாட்டியாவது 'உங்கள் கையிருப்பு எவ்வளவு?' என்று முதல் பக்கத்தில் கேட்டிருந்தால் அதைச் சிறந்த வழிகாட்டி என்று சொல்லியிருப்பேன். இன்னொரு 6000 கையில் இருந்திருந்தால், பில்லோடு நன்றாகப் பராமரித்த ஒரு 2.7 பாக்ஸ்டரை வாங்கு என்றே சொல்லியிருப்பேன். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து அவன் பேசிய விதம் அப்படி.

சட்டம் பற்றி வேகமாக: பழைய கார் வியாபாரியிடம் வாங்கினால் 2015ஆம் வருட நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, காரில் குறையிருந்தால் முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க முடியும். தனிநபரிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை, ஆனால் துளை எங்கே என்று கேட்க ஒரு ஆள் கிடைப்பார். விபத்தில் ஒதுக்கப்பட்ட காரா, கடன் பாக்கி உண்டா என்ற தகவல் எம்ஓடி வரலாற்றில் வராது. அதற்குத் தனியாகக் காசு கட்டிப் பார்க்க வேண்டும்.

வழிகாட்டிகள் நிஜமாகவே பயன்படும் இடமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எந்த வருடத்தில் என்ன மாறியது என்ற விவரம். இங்கிலாந்தில் 1995க்குப் பிறகு விற்ற என்ஏ 1.6இன் சக்தியை 88 குதிரைத்திறனுக்குக் குறைத்துவிட்டார்கள், முந்தைய 1.6 கிட்டத்தட்ட 115. இரண்டும் வெளியே பார்க்க ஒரே மாதிரி. பாக்ஸ்டரில் 2003 மாடலிலிருந்து கூரையின் பின் ஜன்னல் கண்ணாடி, அதற்கு முன் பிளாஸ்டிக், மஞ்சளாகி வெடிக்கும். இப்படிப்பட்ட விஷயம் ஒரு காரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, மாடலைப் படித்தால்தான் தெரியும். மாடலைப் பற்றிய எழுத்து மாடலைப் பற்றிப் பேசும்வரை எனக்குச் சண்டை இல்லை.

இப்போது நிலவரம்: வெள்ளி நிற என்பியை ராம்பில் ஏற்றிப் பார்த்தாயிற்று. சில் இரண்டும் நன்றாக இருக்கின்றன, வடிகாலில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றியதும் கீழே சொட்டியது. முன்பக்க இடது ரயிலில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் துரு ஆரம்பித்திருக்கிறது, வெட்டி வெல்ட் செய்தால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். விற்பவர் விலையில் 400 பவுண்ட் குறைக்கத் தயார். அப்படி ரயிலில் வெல்ட் செய்த என்பியை ஐந்தாறு குளிர்காலம் ஓட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், தகடு எப்படித் தாங்கியது, உள்ளே மெழுகு அடித்தீர்களா என்று எனக்கு ஒரு மெயில் போடுங்கள். விற்பவர் இந்த மாதக் கடைசிவரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.